மாதவிடாய் நின்ற பிறகு இரண்டு நாள் ரத்தம்: கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயைப் புரிந்துகொள்ள

கேள்வி இதுதான். அம்மாவுக்கு 58 வயது. மாதவிடாய் நின்று ஆறு வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது, அப்புறம் தானாகவே நின்றுவிட்டது. உடம்பு கொஞ்சம் பருமன், சர்க்கரை நோயும் உண்டு. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சுவர் 9 மில்லிமீட்டர் தடித்திருப்பதாக வந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்த பேப் ஸ்மியர் நார்மல். "அதான் நின்னுபோச்சே, விடு" என்கிறார் அம்மா. "இனி அது எதுக்கு, கர்ப்பப்பையையே எடுத்துடுங்க" என்கிறார் உறவினர் ஒருவர். இது புற்றுநோயா, என்ன செய்வது, எனக்கும் வருமா என்று மகள் கேட்கிறார்.

நான் மகளிர் நோய் மருத்துவர். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. பெரும்பாலும் இது புற்றுநோயாக இருக்காது. ஆனால் "இல்லை" என்று ஸ்கேனை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. உட்சுவரிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். விட்டுவிடுவதும் தப்பு, உடனே எடுத்துவிடுவதும் தப்பு. இரண்டுக்கும் நடுவில் சில நிமிடங்களில் முடிகிற ஒரு பரிசோதனை இருக்கிறது. அதை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள்.

இனி விளக்கம். கர்ப்பப்பை ஏறக்குறைய கை முஷ்டி அளவுதான். அதன் சுவர் கெட்டியான தசை. அந்தத் தசைக்கு உள்பக்கம் மெத்தை விரித்ததுபோல ஒரு மெல்லிய படலம் உண்டு. அதைத்தான் எண்டோமெட்ரியம் என்கிறோம். மாதாமாதம் வளர்ந்து உதிர்வது இந்தப் படலம்தான். இதை இரண்டு ஹார்மோன்கள் ஆள்கின்றன. ஈஸ்ட்ரோஜன் வளர்க்கும். கருமுட்டை வெளிவந்த பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை நிறுத்திப் பக்குவப்படுத்தும். கரு தங்காவிட்டால் இரண்டும் இறங்கும், படலம் உதிரும். வளர்ப்பது ஒன்று, அடக்குவது இன்னொன்று. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் இந்த நோயில் முக்கால்வாசி புரிந்துவிடும். அடக்குகிற கை இல்லாமல் வளர்க்கிற கை மட்டும் வருஷக்கணக்கில் வேலை செய்தால், படலம் தடித்து, செல்கள் உருமாறி, சிலருக்குப் புற்றுநோயில் போய் முடிகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உடல் சூடு, தூக்கமின்மை போன்ற தொல்லைகளுக்காக ஈஸ்ட்ரோஜனை மட்டும் மாத்திரையாகக் கொடுக்கும் பழக்கம் அமெரிக்காவில் ஒரு காலத்தில் மிகப் பரவலாக இருந்தது. 1975 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஏட்டின் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று இரண்டுமே சொல்லின. மாத்திரை எழுதுவது குறைந்தது, சில வருஷங்களில் நோயும் குறைந்தது. அதற்குப் பிறகுதான் கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கூடவே புரோஜெஸ்டிரோனும் கொடுத்தே ஆகவேண்டும் என்ற விதி உறுதியானது. இன்றைக்கும் அதுதான் விதி. அம்மா அப்படி ஏதாவது ஹார்மோன் மாத்திரை எடுத்திருந்தால் அதன் பெயரைக் கட்டாயம் குறித்துக்கொண்டு போங்கள்.

சரி, மாத்திரையே எடுக்காதவருக்கு, சினைப்பை ஓய்ந்த பிறகு, ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது? கொழுப்பிலிருந்து. அட்ரினல் சுரப்பியும் சினைப்பையும் அந்த வயதிலும் கொஞ்சம் ஆண் ஹார்மோன் சுரக்கும். கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். புரோஜெஸ்டிரோனை அது செய்வதில்லை. உடம்பில் கொழுப்பு கூடக்கூட வளர்க்கிற கைக்கு மட்டும் பலம் சேருகிறது. சர்க்கரை நோய் இருந்தால் ரத்தத்தில் கூடியிருக்கும் இன்சுலினும் அந்தப் படலத்தைத் தூண்டும். பருமனைப் பற்றி நான் இங்கே பேசுவது அம்மாவைக் குற்றம் சொல்ல இல்லை. "நீங்க குண்டா இருக்கீங்க, அதான்" என்று யாரோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டதால் அப்புறம் மருத்துவமனைப் பக்கமே வராமல் போன பெண்களை எனக்குத் தெரியும். எடை என்பது யாருக்குச் சீக்கிரம் பரிசோதனை செய்யவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லும் ஒரு தகவல். அவ்வளவுதான்.

இதே கணக்கு இளம் பெண்களுக்கும் பொருந்தும். பிசிஓடி என்ற சினைப்பைக் கோளாறு உள்ளவர்களுக்கு மூன்று நான்கு மாதம் மாதவிடாய் வராது. "வராதவரைக்கும் நிம்மதி" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கருமுட்டை வெளியே வராத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. உள்ளே படலம் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால்தான் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறையாவது மாத்திரை கொடுத்து உதிரச் செய்கிறோம், அல்லது கருத்தடை மாத்திரையோ காப்பர்-டி மாதிரியே கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமோ கொடுத்துப் படலத்தை மெலிவாக வைத்திருக்கிறோம். குழந்தை பெறாதவர்கள், சிறு வயதிலேயே பூப்படைந்து தாமதமாக மாதவிடாய் நின்றவர்கள் ஆகியோருக்கும் அபாயம் சற்றுக் கூடுதல். மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் எடுப்பவர்களைத் தனியாகச் சொல்லவேண்டும். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் அந்த மருந்து கர்ப்பப்பையின் உட்சுவரில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்ளும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அபாயம் இரண்டு மூன்று மடங்கு கூடும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, அதனால் வரும் நன்மைதான் பெரிது. ரத்தம் பட்டால் உடனே சொல்லவேண்டும், அதுதான் விஷயம்.

இப்போது அம்மாவுக்கு வந்த ரத்தத்துக்கு வருவோம். கடைசி மாதவிடாய் முடிந்து ஒரு முழு வருஷம் ஆன பிறகு வருகிற எந்த ரத்தமும் மாதவிடாய் இல்லை. அது ஒரு சொட்டானாலும் சரி. சிவப்பாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. இளஞ்சிவப்பாக, பழுப்பாக, சிலருக்குத் தண்ணீர் போன்ற கசிவில் லேசான கறையாகக்கூட வரும்.

அப்படி வருகிற 100 பெண்களை எடுத்துக்கொண்டால் சுமார் 9 பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மற்றவர்களில் பலருக்கு, ஹார்மோன் குறைந்து உட்சுவரும் பிறப்புறுப்பின் தோலும் மெலிந்து வறண்டு கசிந்த ரத்தம்தான். சிலருக்குப் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி, சிலருக்குப் புற்றுநோய் இல்லாத தடிப்பு. இதையே திருப்பிப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு இந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் 100-க்கு 90 பேருக்கு ரத்தம் பட்டிருக்கிறது. முதல் கணக்கு ஆறுதல். இரண்டாவது கணக்குதான் நாம் பற்றிக்கொள்ள வேண்டியது. சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வயிறு முழுக்கப் பரவும்வரை சத்தமே போடாது. கர்ப்பப்பை உட்சுவரில் வருவது, உள்ளே சின்னதாக இருக்கும்போதே வெளியே தகவல் அனுப்பிவிடுகிறது. அந்தத் தகவலை நாம்தான் தவறவிடுகிறோம்.

ஒருமுறை 60-ஐத் தாண்டிய ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். எதுவும் சொல்லவில்லை. பைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார். நடுவில் விரல்நுனி அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. "இவ்வளவுதான் டாக்டர். இதுக்கெல்லாம் வரணுமான்னு இருந்துச்சு. சொன்னா நம்புவாங்களோ இல்லையோன்னு எடுத்து வச்சேன்" என்றார். அந்தக் கைக்குட்டை ஏழு மாதம் அலமாரியில் இருந்திருக்கிறது. பரிசோதனையில் புற்றுநோய்தான். அவருடைய நல்லகாலம், ஏழு மாதம் கழித்தும் அது கர்ப்பப்பையைத் தாண்டவில்லை. அறுவை சிகிச்சையோடு முடிந்தது. எல்லோருக்கும் அந்த ஏழு மாதம் கிடைக்காது.

"நின்னுபோச்சே" என்று அம்மா சொல்வதற்கும் இதில் பதில் இருக்கிறது. மாறிப்போன படலத்தில் உருவாகும் ரத்தக்குழாய்கள் பலவீனமானவை. ஒன்று உடையும், கசியும், உறைந்து அடைபடும். அப்புறம் வாரக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. ரத்தம் நின்றதால் காரணமும் போய்விட்டது என்று ஆகாது. நான் பார்த்த தாமதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லில் ஆரம்பித்தவை.

மாதவிடாய் இன்னும் நிற்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. 45 வயதுக்கு மேல் ரத்தப்போக்கு அதிகமானாலோ, 20 நாளுக்கு ஒருமுறை வந்தாலோ, நடுநடுவே பட்டாலோ, "நிக்கப்போற நேரம், அப்படித்தான் இருக்கும்" என்று சுற்றியிருப்பவர்கள் சமாதானம் சொல்வார்கள். இடைவெளி நீண்டு, குறைந்துகொண்டே போய் நின்றால் கவலை இல்லை. நெருங்கி நெருங்கி, கட்டி கட்டியாகப் போனால் பார்க்கவேண்டும். பருமன், பிசிஓடி, சர்க்கரை இருந்தால் 45 வரை காத்திருக்கவும் தேவையில்லை.

பேப் ஸ்மியர் நார்மல் என்கிறீர்கள். நல்லது, ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பேப் ஸ்மியர் பார்ப்பது கர்ப்பப்பையின் வாயை. அங்கே வரும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்பிவி என்ற வைரஸ் காரணம், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. உட்சுவரில் வருவது ஹார்மோன் வழியாக வருகிற வேறொரு நோய். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியுமா? எந்தத் தொல்லையும் இல்லாத பெண்கள் எல்லோருக்கும் வருஷாவருஷம் செய்து இந்த நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை என்று ஒன்று இன்றுவரை இல்லை. ரத்தம் படுவதைச் சொல்வதுதான் நமக்கு இருக்கிற பரிசோதனை.

அடுத்து அந்த 9 மில்லிமீட்டர். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ரத்தம் பட்டு, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் படலம் 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு 100-ல் ஒன்றுக்கும் கீழே. அதற்கு மேல் போனால் திசு எடுக்கவேண்டும். 9 என்ற எண் புற்றுநோய் என்று சொல்லவில்லை, "உள்ளே பார்" என்று சொல்கிறது. பாலிப்பாக இருந்தாலும் 9 வரும், சாதாரணத் தடிப்பாக இருந்தாலும் வரும். இந்த அளவை மற்றவர்கள் தங்கள் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பயந்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் பெண்ணுக்குச் சுழற்சியின் பிற்பாதியில் 14 மில்லிமீட்டர் இருப்பதுகூட இயல்பு. மாதவிடாய் நின்று, ரத்தமே படாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 6 என்று தற்செயலாக வந்தால் அதற்கும் இந்த 4 என்ற கோடு பொருந்தாது. கோடு ரத்தம் பட்டவர்களுக்கானது. இன்னொன்று, 4-க்குக் கீழே இருந்தாலும் மறுபடி மறுபடி ரத்தம் பட்டால் திசு எடுத்துத்தான் ஆகவேண்டும். வேகமாகப் பரவும் சில வகைகள் மெலிந்த படலத்திலிருந்தே கிளம்பும்.

பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா பயப்படுவார். அதனால் என்ன நடக்கும் என்று விவரமாகச் சொல்கிறேன், அவருக்கே படித்துக் காட்டுங்கள். மயக்க மருந்து தேவையில்லை. பேப் ஸ்மியர் எடுக்கும்போது படுத்த மாதிரியேதான் படுக்கவேண்டும். கர்ப்பப்பை வாயைப் பார்த்துத் துடைத்துவிட்டு, சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள, வளையக்கூடிய ஒரு பிளாஸ்டிக் குழலை உள்ளே விடுவோம். ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவைவிட மெல்லியது. அதற்குள் இருக்கும் கம்பியைப் பின்னால் இழுத்ததும் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் படலத்தின் துணுக்குகள் குழலுக்குள் ஏறும். குழலைச் சுழற்றிக்கொண்டே வெளியே எடுப்போம். ஒரு நிமிடத்துக்குள் முடியும். அந்த ஒரு நிமிடம் அடிவயிற்றைப் பிடித்து முறுக்குகிற மாதிரி வலிக்கும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும். வலிக்காது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஒரு மணி நேரம் முன்னால் என்ன வலி மாத்திரை போடலாம் என்று மருத்துவரிடமே கேளுங்கள். மரத்துப்போக மருந்து போடச் சொல்லிக் கேட்கலாம். "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லவும் அம்மாவுக்கு உரிமை உண்டு, அப்படிச் சொன்னால் இன்னொரு நாள் மயக்கம் கொடுத்துச் செய்துகொள்ளலாம். குழலிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலுக்குள் விழுகிற துணுக்குகள் கிழிந்த ரோஜா இதழ் மாதிரி, சில கிராம்கூட இருக்காது. அதில்தான் பதில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. குழல் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறது. ஒரு மூலையில் மட்டும் இருக்கும் வளர்ச்சி அதில் சிக்காமல் போகலாம். ரிப்போர்ட்டில் "திசு போதவில்லை" என்று வரும். 3 மில்லிமீட்டர் படலம் உள்ளவருக்கு அப்படி வந்தால் ஏற்கலாம், எடுக்க அங்கே ஒன்றுமில்லை என்று பொருள். 9 மில்லிமீட்டர் உள்ளவருக்கு அப்படி வந்தால் அதை நார்மல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே திசு எடுக்கும் ஹிஸ்டிராஸ்கோப்பி செய்யச் சொல்லிக் கேளுங்கள். பாலிப் இருந்தால் அப்போதே எடுத்தும் விடலாம்.

ரிப்போர்ட்டில் வரக்கூடிய சொற்களில் ஹைப்பர்பிளேசியா என்பதுதான் எல்லோரையும் குழப்பும். படலம் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு அடுத்து ஏட்டிப்பியா உண்டா இல்லையா என்று இருக்கும், அதைத்தான் பார்க்கவேண்டும். ஏட்டிப்பியா என்றால் செல்களின் உருவமே மாறத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அது இல்லையென்றால் 20 வருஷத்தில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 100-ல் 5-க்கும் குறைவு. புரோஜெஸ்டிரோன் கொடுத்தே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். மாத்திரையைவிடக் கர்ப்பப்பைக்குள்ளேயே வைக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் உள்ள சாதனம் நன்றாக வேலை செய்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி திசு பார்க்கவேண்டும். ஏட்டிப்பியா இருந்தால் கதை வேறு. அப்படிப்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்துப் பார்க்கும்போது கால்வாசிப் பேருக்கும் மேல் அதற்குள்ளேயே புற்றுநோய் ஒளிந்திருக்கக் காண்கிறோம். அதனால் குழந்தைப்பேறு முடிந்தவர்களுக்கு எடுத்துவிடச் சொல்கிறோம்.

இதனால்தான் உறவினர் சொல்வதுபோல இப்போதே எடுத்துவிடக் கூடாது என்கிறேன். ஒன்றுமில்லாத வறட்சிக்கும் பாலிப்புக்கும், சர்க்கரையும் பருமனும் உள்ள ஒருவரைப் பெரிய அறுவை சிகிச்சைக்குத் தள்ளுவது நியாயமில்லை. மயக்க மருந்து, காலில் ரத்தம் உறைதல், புண் ஆறாமை என்று எல்லாமே அவருக்குக் கூடுதல் அபாயம். புற்றுநோயாகவே இருந்தாலும் தெரியாமல் எடுப்பது இன்னும் மோசம். புற்றுநோய் என்று தெரிந்தால் அறுவை சிகிச்சையின் திட்டமே மாறும். சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் சேர்த்து எடுக்கவேண்டும், நிணநீர்க் கணுக்களைச் சோதிக்கவேண்டும், கர்ப்பப்பையை வயிற்றுக்குள் வைத்துத் துண்டாக்காமல் முழுதாக வெளியே எடுக்கவேண்டும். தெரியாமல் செய்துவிட்டு, ரிப்போர்ட் வந்த பிறகு மறுபடி வயிற்றைத் திறக்கும் நிலை வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் அறுவை சிகிச்சையே சரியானதாக இருக்கவேண்டும்.

ஸ்கேனில் பைப்ராய்டு என்றும் வந்திருந்தால், அது தசையில் வரும் சாதாரணக் கட்டி, புற்றுநோயாக மாறுவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மாதவிடாய் நின்ற பிறகு அது சுருங்கவேண்டும். வளர்ந்தால் மட்டும் சொல்லுங்கள்.

புற்றுநோய் என்றே வந்துவிட்டால்? 2022-ல் உலகம் முழுக்க சுமார் 4,20,000 பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உடல்பகுதியில் (வாய் தவிர்த்த பகுதியில்) புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. இவர்களில் பெரும்பாலோருக்கு நோய் கர்ப்பப்பையைத் தாண்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது, காரணம் அந்த ரத்தம்தான். அந்த நிலையில் பிடித்தால் ஐந்து வருஷம் கழித்தும் நலமாக இருப்பவர்கள் 100-க்குச் சுமார் 95 பேர். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் அது 20-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. கைக்குட்டையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியதற்கு இந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் காரணம்.

சிகிச்சையின் முதல் படி அறுவை சிகிச்சை. பெரும்பாலோருக்கு லேப்ராஸ்கோப்பி வழியாகவே செய்யலாம், வயிற்றைத் திறந்து செய்வதற்குச் சமமான பலன், வீடு திரும்புவதும் சீக்கிரம். முடிந்தால் மகளிர் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் செய்துகொள்ளுங்கள். பலருக்கு அதோடு முடிந்துவிடும். தசைக்குள் ஆழமாக இறங்கியிருந்தாலோ செல்வகை மூர்க்கமானதாக இருந்தாலோ ரேடியேஷன் தேவைப்படும். பலருக்கு அது பிறப்புறுப்பின் மேல்பகுதிக்கு மட்டும், உள்ளிருந்தே, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் கொடுப்பதாக இருக்கும். பரவியிருந்தால் கீமோ.

இந்தத் துறையில் சமீபத்தில் வந்த ஒரு மாற்றம் நோயாளியின் கைக்கும் வந்து சேரவேண்டும் என்று நினைக்கிறேன். பல வருஷமாக மைக்ராஸ்கோப்பில் தெரியும் தோற்றத்தை வைத்தே நோயின் குணத்தைக் கணித்தோம். 2013-ல் வெளிவந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு இந்தப் புற்றுநோயை நான்கு குழுக்களாகப் பிரித்தது. போல்-ஈ என்ற மரபணுவில் பிழை உள்ள ஒரு குழு மைக்ராஸ்கோப்பில் பயங்கரமாகத் தெரியும், ஆனால் மிக நன்றாகக் குணமாகும். பி53 என்ற மரபணுவில் பிழை உள்ள குழுதான் மிக மூர்க்கமானது. செல் பிரியும்போது வரும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் எம்எம்ஆர் என்ற புரதங்கள் கெட்டுப்போன குழு ஒன்று உண்டு, நோய் முற்றியிருந்தாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துகள் அதில் நன்றாக வேலை செய்கின்றன. உலக மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ 2023-ல் வெளியிட்ட நிலைப் பிரிப்பு இந்த மரபணு விவரங்களையும் கணக்கில் எடுக்கிறது. ஆகவே ரிப்போர்ட் வந்தால் "எம்எம்ஆர் டெஸ்ட், பி53 டெஸ்ட் செய்தீர்களா" என்று கேளுங்கள். எடுத்த திசுவிலேயே செய்யலாம், அம்மாவை மறுபடி தொடவேண்டியதில்லை.

சிகிச்சை முடிந்த பிறகு பேசாமல் விடப்படும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, பிறப்புறுப்பு வறண்டு சுருங்குவதும் தாம்பத்தியத்தில் வலியும். 58 வயதில் இதெல்லாம் கேட்கலாமா என்று தயங்கவேண்டாம், இதற்கு வைத்தியம் இருக்கிறது. இன்னொன்று இதயம். ஆரம்ப நிலையில் குணமான பெண்கள் பின்னாளில் இறப்பது பெரும்பாலும் இந்தப் புற்றுநோயால் இல்லை, இதய நோயால். புற்றுநோய் போய்விட்டது என்ற நிம்மதியில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கவனிக்காமல் விடுகிறோம். நடை, எடை, சர்க்கரை மூன்றும் அப்போதும் சிகிச்சையின் பகுதிதான்.

குழந்தை பெறாத இளம் பெண்ணுக்கு இந்த நோய் வந்து, தசைக்குள் இறங்காத மென்மையான வகையாக இருந்தால், அதிக அளவு புரோஜெஸ்டிரோன் கொடுத்துக் கர்ப்பப்பையைக் காப்பாற்றிப் பார்க்க வழி உண்டு. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திசு பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். குழந்தைக்கு நேரம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது, நிரந்தர சிகிச்சையாகக் கொள்ள முடியாது.

கடைசியாக உங்கள் கேள்வி, "எனக்கும் வருமா?" பெரும்பாலான கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை. 100-ல் சுமார் 3 மட்டும் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைப் பிழையால் வருகின்றன. இதற்கு ஒரு கதை உண்டு. 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரட் வார்த்தின் என்ற நோயியல் மருத்துவரிடம், துணி தைத்துப் பிழைத்த ஒரு பெண் சொன்னார்: எங்கள் வீட்டில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்துதான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன். அவர் சொன்னபடியே இளம் வயதில் கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார். வார்த்தின் அந்தப் பேச்சை ஒதுக்கித் தள்ளாமல் குடும்பம் முழுவதையும் விசாரித்து 1913-ல் எழுதினார். 1960-களில் ஹென்றி லிஞ்ச் அந்த வேலையைத் தொடர்ந்தார். அந்தப் பிழையின் தடயத்தைத்தான் இன்று எம்எம்ஆர் டெஸ்ட்டில் தேடுகிறோம். ஆகவே உங்கள் குடும்பத்தில் யாருக்காவது, குறிப்பாக 50 வயதுக்குள், குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்ததுண்டா என்று பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். "வயித்துல கட்டி வந்து போனாங்க" என்று யாராவது சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். லிஞ்ச் இருப்பது உறுதியானால் உங்களுக்கும் குடலுக்கும் கர்ப்பப்பைக்குமான பரிசோதனைகள் 30-களுக்குள்ளேயே தொடங்கவேண்டியிருக்கும்.

அப்படி எதுவும் இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது சுலபமான விஷயங்கள்தான். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பலருக்கும் புற்றுநோய் பயம் உண்டு. இந்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை அது பாதுகாப்பு, அந்தப் பாதுகாப்பு நிறுத்திய பிறகும் 30 வருஷம்வரை நீடிக்கிறது. 1965 முதல் 2014 வரை வசதியான 21 நாடுகளில் சுமார் 4 லட்சம் பெண்களுக்கு வரவிருந்த இந்த நோயை அந்த மாத்திரைகள் தடுத்திருக்கின்றன என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. இதற்காக மட்டும் மாத்திரை போடச் சொல்லமாட்டேன். வேறு காரணத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பயப்படாதீர்கள்.

போகும்போது ரத்தம் பட்ட தேதி, நிறம், எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், அம்மா எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயர், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை இருந்தால் அது முக்கியமாக. அந்த மாத்திரையால் வந்த ரத்தம்தான் என்று யாராவது சொன்னாலும் திசுப் பரிசோதனையை விடாதீர்கள். எல்லாம் நார்மல் என்று வந்தால் நிம்மதியாக இருங்கள். ஆனால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடி ரத்தம் பட்டால், "போன தடவையே பார்த்தாச்சு" என்று இருந்துவிடாமல் மறுபடி போய்க் காட்டுங்கள். அந்த ரத்தத்துக்குப் பழைய ரிப்போர்ட் பதில் சொல்லாது.